தூக்கு மேடைக்குத் தப்பிய நந்தி மலை சாமியார்

ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளில் இருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நந்தி மலைக்குப் போய் வரும் தமிழர்கள் ஏராளம். அந்த மலை அடிவாரத்தில் சத்குரு ஓம்கார் என்ற பெயரில் வாழ்ந்த சாமியார், கலெக்டர் ஆஷ் கொலை வழக்கின் முதல் எதிரி என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ?

பூர்வாசிரமத்தில் அவர் நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழி அருகே எருக்கூரில் 1889-ல் பிறந்தவர். புதுச்சேரியில் 'சூர்யோதயம்' பத்திரிகை நடத்தினார். வெள்ளையர் ஆட்சியை ஒழிக்க ரகசிய சங்கம் அமைத்து, ஊர் ஊராகச் சென்று வாலிபர்களிடம் சத்தியம் வாங்கினார். செங்கோட்டை வாஞ்சிநாதனும் அதில் சேர்ந்தார்.

1911 ஜூன் 17-ந்தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் நெல்லை கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சி சுட்டுக் கொன்றார். தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். சுட்டவர் இல்லை. யாரைத் தண்டிப்பது? 14 பேர் கூண்டில் ஏற்றப்பட்டனர். பிரம்மச்சாரி சம்பவ இடத்தில் இல்லை. ஆனால் சங்கத்தின் மூளை அவர்தான் என்றது போலீஸ்.

சென்னை ஐகோர்ட்டில் ஜூரி இல்லாமல் 3 நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களில் ஒருவர் சங்கரன் நாயர். எதிரிகளுக்காக வாதாடிய வக்கீல்களில் பின்னாளில் முதல்-மந்திரியான பிரகாசமும் உண்டு.

கொலைக்கு உடந்தை என்று முடிவாகியிருந்தால் தூக்கு, அல்லது ஆயுள் முழுக்கத் தீவாந்திரம், இரண்டில் ஒன்றுதான். அந்தக் காலச் சட்டம் இன்னும் கடுமையானது. கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு கொடுக்காவிட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும்!

செத்தவர் ஜில்லா கலெக்டர். ஆண்டது வெள்ளைக்கார சர்க்கார். ஆத்திரத்துக்குக் குறைவில்லை. இருந்தும் 1912 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அரசுக்கு எதிரான சதி என்ற குற்றத்தையே பிரம்மச்சாரி தலையில் வைத்தது. 7 ஆண்டு கடுங்காவல். மொத்தம் 9 பேர் தண்டிக்கப்பட்டனர்; இவருக்குத்தான் அதிகம். தலைமை வகித்தது தண்டனையைக் கூட்டியது. சுட்ட கை அவருடையது அல்ல என்பது உயிரைக் காத்தது. அப்போது அவருக்கு வயது 22.

ஜெயில் அவரை அடக்கிவிடவில்லை. பெல்லாரி சிறையில் இருந்து தப்பி ஓடிப் பிடிபட்டார். விடுதலையான பின் சிங்காரவேலருடன் சேர்ந்து பொதுவுடைமை பேசினார். 1922-ல் மறுபடியும் கைது. மறுபடியும் பல ஆண்டு சிறை. வெளியே வந்தபின் அரசியலை உதறிக் காவி உடுத்தினார். நந்தி மலை அவருக்கு வீடாயிற்று. வெடிகுண்டு பேசிய வாய், பிறகு ஓங்காரம் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே சட்டமும் தலைகீழானது. தூக்கு கொடுக்காததற்குக் காரணம் எழுதும் விதி 1955-ல் நீங்கியது. 1973-ம் ஆண்டுச் சட்டம், தூக்கு கொடுத்தால்தான் விசேஷ காரணம் எழுத வேண்டும் என்று மாற்றியது. 1980-ல் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் எடை போட வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. கொலையின் கொடூரம் ஒரு தட்டில். வயது, மனநிலை, பிறர் நிர்ப்பந்தம், திருந்த வாய்ப்பு உண்டா என்பவை மறு தட்டில்.

திருந்துவாரா என்ற கேள்வி 1912-ல் யாருக்கும் விடை தெரியாதது. தெரிய 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தூக்கில் போட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

பச்சன் சிங் தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை. 1978 மார்ச் 4-ந்தேதி, 88-வது வயதில், நந்தியில் காலமானார்.