வேலையை விட்டுட்டு விவசாயமா? முதல் கடனுக்கு வழி தேடிய நிக்கல்சனின் கதை

பெருங்குடி ஐடி வளாகங்களில் மதியச் சாப்பாட்டுப் பேச்சில் அடிக்கடி வரும் கனவு இது: வேலையை விட்டுட்டு, ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, நிம்மதியான விவசாயம்.

கனவு சரி. முதல் அறுவடை வரைக்கும் பணத்துக்கு என்ன பண்றது? உழவு, விதை, உரம், கூலி எல்லாம் முதல்லயே செலவு. வரவு கடைசியில்தான். இந்த இடைவெளியைப் பற்றி 130 வருஷங்களுக்கு முன்பே யோசித்தவர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன்.

யார் இவர்?

1846-ல் பிறந்த ஆங்கிலேயர். சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்த மாகாணத்தைச் சூறையாடியது. மழை பொய்த்தால் வட்டிக்கடைக்காரரைத் தவிர வேறு கதி இல்லாத நிலைதான் அன்றைய விவசாயிக்கு.

என்ன செய்தார்?

விவசாயிகளுக்குக் கடன் தரும் வங்கிகளை இங்கே தொடங்க முடியுமா என்று ஆராயும் பொறுப்பை 1892-ல் மாகாண அரசு அவரிடம் கொடுத்தது. ஐரோப்பிய அனுபவங்களை அலசி, 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார்.

ஜெர்மனியின் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களே அவர் காட்டிய வழி. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் அமைப்பார்கள். ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர்களும் பொறுப்பு. அதனால் யார் உழைப்பாளி, யார் ஊதாரி என்று பார்த்துத்தான் கடன் தருவார்கள். சொத்து இல்லாவிட்டாலும் நாணயம் இருந்தால் போதும்.

பலன் கிடைத்ததா?

உடனே இல்லை. 1901-ல் இதற்காக அமைந்த குழுவிலும் அவர் இருந்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. பெருங்குடியும் அப்போது அதே மாவட்டத்துக் கிராமம்தான்!

பிறகு மாகாண மீன்வளத் துறையைக் கட்டியெழுப்பினார். 1936-ல் காலமானார்.

இன்று என்ன நிலை?

அந்தச் சங்கங்களின் வாரிசுகள்தான் இன்றைய தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். தமிழ்நாட்டில் இங்கே வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. வங்கிகளின் கிசான் கிரெடிட் கார்டிலும், 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனை ஒழுங்காகக் கட்டுபவருக்கு வட்டி 4 சதவீதம்தான்.

ஆனா ஒரு சிக்கல். கடன் கேட்டுப் போனால் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். சொந்த நிலம் உள்ளவருக்குப் பிரச்சினை இல்லை. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துப் புதுசா இறங்குபவர் கையில் காட்ட எதுவும் இருக்காது. அவர் மறுபடியும் வட்டிக்கடைக்குத்தான் போகணும். நிக்கல்சன் யாருக்காக வழி தேடினாரோ, அவருக்குத்தான் இன்னமும் கதவு பாதி மூடியிருக்கு.

அதனால், ராஜினாமா மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணிடுங்க. குத்தகைன்னா எழுத்துல வாங்குங்க. நிலம் இருக்கிற ஊரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நேர்ல போய், கடன் கிடைக்குமான்னு கேளுங்க.