இடக்கை மிருதங்கம்

வெள்ளிமலையில் எங்கள் ஊர்த் திருவிழாவில் மேளம் அடிக்க நான் குச்சியை எடுத்த போதெல்லாம் பெரியவர்கள் அதை வாங்கி என் வலக்கையில் திணிப்பார்கள். நான் பிறவியிலேயே இடக்கைக்காரன். வலக்கையில் தாளம் வராது, விட்டுவிட்டேன். அந்த ஏக்கத்தோடு கல்லூரிக்கு வந்த எனக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வரலாறு கண்ணில் பட்டது.

1908-இல் பிறந்தவர். தந்தையார் முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் வந்த வித்வான். அப்படிப்பட்ட வீட்டிலேயே மகனின் இடக்கைப் பழக்கம் பெருங்குறையாகப் பட்டதாம்! புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமும் அவர் பாடம் கேட்டார்.

குறை கையில் இல்லை, மேடையில்தான் இருந்தது. பாடகரின் வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் பிடில் என்பது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். இடக்கையால் வலந்தலையை வாசிப்பவர் மறுபுறம் அமர வேண்டும்; பிடில்காரர் எழுந்து இடம் மாற வேண்டும். யார் எழுவார்? வித்வான்களுக்கு இடம் என்பது சாமானிய விஷயமா! கஞ்சிராவுக்கு அந்த வம்பு இல்லை. அதிலும் அவர் கைதேர்ந்தவர்.

வழி திறந்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பிடிலை மறுபக்கம் அமர்த்தி இவரைத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். பின்னர் ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி ஐயர் என்று பெரிய பாடகர்கள் இவரை நாடினர். நாலு வயது இளையவரான பாலக்காடு மணி ஐயரோடு ஒருசேரப் பேசப்படும் பெயராயிற்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் அவருடைய பழைய ஒலிப்பதிவைக் கைப்பேசியில் கேட்டேன். புதுக்கோட்டை வழியின் கடுங்கணக்கு உண்டு. ஆனால் கணக்கு காதில் உறுத்தவில்லை. தொப்பியில் எழும் கும்கி, பாட்டோடு சேர்ந்து தானும் பாடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திணறியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

1962-இல், 54 வயதில் மறைந்தார். மிருதங்கத்துக்குச் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக 1966-இல்தான், மணி ஐயருக்கு, கிடைத்தது. சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் சென்று, அந்தப் பாணியை ஜாஸ் கலைஞர்களோடும் கலந்து வாசித்தார்.

இவ்வளவையும் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார். இந்த ஆடியில் எனக்கு மேளம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வரிசையில் எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான் இன்னும் பேசி முடியவில்லை.