போக, வர 51 மணி நேரம்... பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்த ‘ஆழிக்குமரன்’ ஆனந்தன்! அந்த மன உறுதிக்குப் பின்னால் இருந்தது என்ன?

மதுரையில் இருந்து ராமேஸ்வரம் போய், அப்படியே தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போனவர்களுக்கு அந்தக் கடல் நல்லாவே தெரியும். எதிரே இலங்கையின் தலைமன்னார். இடையில் சுமார் 30 கிலோ மீட்டர் தண்ணீர். செல்ஃபி எடுத்துவிட்டு நாம் திரும்பி வந்துவிடும் அந்த இடத்தை, 1971-ல் ஒருவர் நீந்தியே தொட்டார். தொட்டதோடு நிற்கவில்லை. வந்த வழியிலேயே நீந்தித் திரும்பியும் போனார். மொத்தம் 51 மணி நேரம்.

அவர்தான் ஆழிக்குமரன் ஆனந்தன். ஈழத் தமிழர்கள் மத்தியில் இன்றும் பேசப்படும் பெயர். நம்ம ஊரில் பலருக்குத் தெரியாத பெயர். யார் இவர்? அவரை இவ்வளவு தூரம் இழுத்துப் போனது எது? பார்க்கலாம்.

யார் இந்த ஆனந்தன்?

முழுப் பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். 1943-ல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் பிறந்தவர். வீட்டு வாசலில் கடல் இருக்கும் ஊர் அது. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். கோடியக்கரை, நாகப்பட்டினம் எல்லாம் அவர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி.

ஆனந்தன் சட்டம் படித்தவர், தொழிலால் வழக்கறிஞர். ஆழி என்றால் கடல். கடலின் பிள்ளை என்ற பொருளில் வந்த பட்டம்தான் ஆழிக்குமரன்.

அவருக்கு முன்பே ஒருவர் வழி காட்டியிருந்தார். வல்வெட்டித்துறைக்குப் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி, 1954-ல் கோடியக்கரைக்கு நீந்திக் கடந்தார். ஆனந்தனுக்கு அப்போது 10, 11 வயசு. இந்தக் கடலை ஒரு மனுசனால் நீந்திக் கடக்க முடியும் என்பது அவர் வளர்ந்த ஊரில் கதை இல்லை, நடந்த சம்பவம். ஒரு விஷயம் முடியும் என்பதைச் சின்ன வயசிலேயே பக்கத்தில் பார்த்துவிட்டால், முடியுமா முடியாதா என்ற கேள்வி பாதி குறைந்துவிடும்.

தனுஷ்கோடியைத் தொட்டுத் திரும்புவது ஏன் பெரிய விஷயம்?

நாம் பாக் ஜலசந்தி என்கிறோம், இலங்கையில் பாக்கு நீரிணை என்கிறார்கள். மதுரையைத் தாண்டி ஓடும் வைகை, ராமநாதபுரம் அருகே ஆற்றங்கரையில் போய்ச் சேர்வதும் இந்தக் கடல் பக்கம்தான். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும். ஆனால் ராமர் பாலம் பகுதியில் மணல் திட்டுகளுக்கு நடுவே ஓடும் நீரோட்டம் வேகமானது. மீனவர்கள் இதை நீவாடு என்பார்கள். எதிர் நீவாட்டில் மாட்டினால், கை வலிக்க வலிக்க நீந்தினாலும் இருந்த இடத்திலேயே இருப்போம். இது போக ஜெல்லி மீன், உப்புத் தண்ணீரில் வீங்கும் நாக்கு, ராத்திரி இருட்டு.

1966 ஏப்ரலில் இதே பாதையை நீந்திய கொல்கத்தாவின் மிஹிர் சென், ஒரு பக்கம் கடக்கவே 25 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டார். அவரும் சாதாரண ஆள் இல்லை, ஆங்கிலக் கால்வாயை 1958-லேயே கடந்தவர். அந்தக் கணக்கோடு பார்த்தால்தான் ஆனந்தனின் 51 மணி நேரத்தின் கனம் புரியும். சென் ஒரு வழிக்கு எடுத்த சராசரி வேகத்தை, ஆனந்தன் இரண்டு வழிக்கும் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர் தனுஷ்கோடி. 7 வருஷம் கழித்து அவர் நீந்தி வந்து தொட்டது, இடிந்த கட்டடங்கள் நிற்கும் கரையை. ஒரு முழு நாள் நீந்திய உடம்புக்குக் கால் மண்ணில் பட்டதும் என்ன தோன்றும்? வேலை முடிந்தது, படுத்துக்கொள் என்றுதான் தோன்றும். அங்கிருந்து மறுபடி கடலில் இறங்கியதுதான் ஆனந்தன்.

அவர் செய்த மற்ற சாதனைகள் என்னென்ன?

கடலோடு நிற்கவில்லை. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய அவரது சாதனைகளில் சில:

• 1979 மே: கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள். அதாவது 7 நாள், 19 மணி, 28 நிமிடம். இடையில் வண்டி நிற்கவே இல்லை.

• 1980 மே: ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றது.

• 1981: சென்னை மெரினா அண்ணா நீச்சல் குளத்தில், கரையைப் பிடிக்காமல், நின்ற நிலையிலேயே கை கால்களை அசைத்து 80 மணி நேரம் மிதந்தது. இது 3 நாள், 8 மணி நேரம்.

இந்தப் பட்டியலில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எதுவுமே வேகப் போட்டி இல்லை.

அந்த மனசு எப்படி வேலை செய்தது?

1. எதிராளி வெளியே இல்லை: ஓட்டப் பந்தயத்தில் பக்கத்து டிராக்கில் ஒருவர் ஓடுவார். அவரை முந்தினால் ஜெயிப்பு. ஒற்றைக் காலில் நிற்பவருக்கு எதிராளி யார்? தூக்கம், சலிப்பு, கெண்டைக்கால் வலி. எவ்வளவு வேகம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் என்ற கேள்வியை ஆனந்தன் எடுத்துக்கொண்டார். அதில் உடம்புக்கு இணையாக மனசும் உழைக்க வேண்டும்.

2. துறை மாறும், பழக்கம் மாறாது: நீச்சலுக்குத் தோள், சைக்கிளுக்குத் தொடை, ஒற்றைக் காலுக்குச் சமநிலை. மூன்றுக்கும் வேலை செய்யும் தசைகள் வேறு வேறு. பொதுவாக இருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் என்று தன்னைத் தானே நகர்த்திக்கொள்ளும் பழக்கம். ஒரு இடத்தில் கற்றதை அவர் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார் என்பதை அந்தச் சாதனைகளே சொல்கின்றன.

3. முடியும் இடத்தைத் தள்ளி வைப்பது: நீண்ட தூரப் போட்டிகளில் மூளை, எல்லை எங்கே என்று பார்த்துத்தான் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும். 10 கிலோ மீட்டர் என்று நினைத்து ஓடுபவருக்கு 10-ல் கால் துவண்டுவிடும். 20 என்று நினைத்தவருக்கு 10 என்பது வெறும் பாதி வழி. போய்த் திரும்ப வேண்டும் என்று முடிவெடுத்துக் கடலில் இறங்கியவருக்குத் தனுஷ்கோடி முடிவு இல்லை, திருப்பம்.

ஆங்கிலக் கால்வாயில் என்ன நடந்தது?

இங்கிலாந்தின் டோவர் கரைக்கும் பிரான்ஸுக்கும் இடையே குறைந்தபட்ச தூரம் சுமார் 33 கிலோ மீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால், பாக் ஜலசந்தியில் இரண்டு மடங்கு நீந்தியவருக்கு இது முடியக்கூடிய தூரம்தான். 1984 ஆகஸ்ட் 6-ம் தேதி, அந்தக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். வயசு 41.

இரண்டு கடலுக்கும் பெரிய வித்தியாசம் குளிர். பாக் ஜலசந்தி வெதுவெதுப்பான கடல். ஆங்கிலக் கால்வாயில் ஆகஸ்ட்டில்கூட 16 முதல் 18 டிகிரி வரைதான் இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். விதிப்படி உடம்பை மூடும் நீச்சல் உடையும் போடக்கூடாது. துணைப் படகைத் தொட்டாலே முயற்சி செல்லாது.

இங்கேதான் மன உறுதியின் எல்லை இருக்கிறது. வலி, தூக்கம், சலிப்பு மூன்றையும் மனசு எதிர்த்து நிற்கலாம். ஆனால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் முதலில் குழம்புவது மூளைதான். நிறுத்தணுமா, தொடரணுமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியே மயங்கிவிடுகிறார். அதனால்தான் கால்வாய் நீச்சலில், போதும் என்று முடிவெடுக்கும் பொறுப்பு நீந்துபவரிடம் மட்டும் இல்லை. படகில் இருக்கும் குழுவுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. கை வீச்சு குறைகிறதா, கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் வருகிறதா என்று பார்த்து, அவர் மறுத்தாலும் வெளியே தூக்க வேண்டும்.

1875-ல் முதன்முதலில் அந்தக் கால்வாயை நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப்பின் கதையும் இப்படித்தான். 8 வருஷம் கழித்து, நயாகரா அருவிக்குக் கீழே இருக்கும் சுழல்களை நீந்தப் போய் 1883-ல் இறந்தார். அடுத்தது என்ன என்ற கேள்விதான் இந்த மாதிரி ஆட்களைச் சாதிக்க வைக்கிறது. அதே கேள்விதான் அவர்களை நிற்கவும் விடுவதில்லை.

அவருக்குப் பிறகு அந்தக் கடல்

ஆனந்தன் இறந்தது, இலங்கையின் 1983 ஜூலை இனக் கலவரத்துக்கு அடுத்த வருஷம். அவர் சாதனைக்காக நீந்திய அதே கடலை, உயிருக்காகப் படகில் கடந்து அகதிகள் ராமேஸ்வரம், மண்டபம் கரைக்கு வரத் தொடங்கியிருந்த காலம். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலும் 1980-களில் நின்றுபோனது. இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் தொட்டு வந்தவரின் கதை, இந்தக் கரையில் மெல்ல மறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் நீச்சல் நிற்கவில்லை. 1994-ல் 12 வயசு குற்றாலீஸ்வரன் பாக் ஜலசந்தியைக் கடந்தார். 2019-ல் தேனியைச் சேர்ந்த 10 வயசுச் சிறுவன், தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் பத்தரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். தேனியில் கடலே கிடையாது. குளத்தில் பழகி, நீரோட்டம் பார்த்து, கூடவே பாதுகாப்புப் படகோடு செய்த சாதனை அது.

வல்வெட்டித்துறையில் இன்று ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. அவரைப் பார்த்துக் கடலில் இறங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு அவர் வாழ்க்கையில் இரண்டு பாடம் உண்டு. தனுஷ்கோடியில் நிற்காமல் திரும்பத் தெரிய வேண்டும். எப்போது நிறுத்துவது என்று சொல்ல, நம்பக்கூடிய ஒருவர் படகிலும் இருக்க வேண்டும்.