விளக்கடி வீடுகளைத் தேடி வந்த புனிதர்



போர்க்காலத்து வன்னி இரவுகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுக் கொளுத்திய ஒரே விளக்கைச் சுற்றி வீட்டார் அனைவரும் இருந்தார்கள். பிள்ளைகள் படித்ததும் அங்கேதான், செபமாலை சொன்னதும் அங்கேதான். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மின்விளக்கு எரிகிறது. ஆனால், பல வீடுகளில் தந்தை ஓர் அறையில், மகன் ஓர் அறையில், ஆளுக்கொரு கைத்தொலைபேசியுடன்.

விளக்கைச் சுற்றிக் கூடும் அத்தகைய வீடுகளைத் தேடியே 1687-ம் ஆண்டு ஒரு குருவானவர் நம் நாட்டில் வந்திறங்கினார். அவரே புனித யோசேப்வாஸ் அடிகளார்.

1651-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் திகதி கோவாவைச் சேர்ந்த பெனவ்லிம் ஊரில், மதிப்புள்ள கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 1676-ல் குருவானார். கோவா ஒரத்தோரியன் சபையின் தலைவராக அமைதியாகக் காலங்கழித்திருக்கலாம். ஆனால் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை அவரை உறங்கவிடவில்லை.

1658-ல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. குருக்கள் விரட்டப்பட்டனர். குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஆட்சியாளரின் சபையில் சேர்ந்தவர்களுக்கோ பதவியும் வசதியும் காத்திருந்தன. 1670-ம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் வீடு வாசலை விட்டு, மாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் சென்றதாக மடுப்பதியின் வரலாறு கூறுகிறது. 2008 ஏப்ரலில் அதே சுரூபம் போருக்கு அஞ்சித் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அந்தப் பழைய பயணத்தின் வேதனையை நாமும் உணர்ந்தோம்.

அடிகளார் கூலியாள் வேடத்தில், யோவான் என்னும் துணைவருடன் வந்தார். கடற்பயணத்தில் பிடித்த வயிற்றோட்டம் அவரைச் சாவின் வாயில்வரை கொண்டுபோயிற்று. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்ட வீட்டார் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

இங்கேதான் நீங்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லை; திருப்பலி இல்லை. அக்காலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்றுக்கொடுத்தது யார்? கதவை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இருத்திச் செபம் சொல்லிக்கொடுத்த தாயும் தகப்பனும் பாட்டியுமன்றோ! அடிகளார் ஊதி எழுப்பிய நெருப்பு, வீடுகளில் நீறு பூத்துக் கிடந்த நெருப்பே.

1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் சுமார் முந்நூறு கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்தனர். தப்பிய அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி சென்றார். ஒற்றர் என்று ஐயுற்று அங்கும் அவரைச் சிறைவைத்தனர். 1697-ல் கண்டியில் வைசூரி பரவியபோது, பெற்றவரும் பிறந்தவரும்கூட நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளார் ஓடவில்லை. குடிசை அமைத்து, கழுவி, ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். உறவு கைவிட்டவர்களுக்கு அவரே உறவானார். கோவாவுக்கு ஒருபோதும் திரும்பாமல், 1711 ஜனவரி 16-ல் கண்டியில் உயிர்நீத்தார்.

2015 ஜனவரி 14-ல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றே மடு மாதாவின் திருத்தலத்துக்கும் வந்து செபித்தார்.

அன்பர்களே, வசதியைப் பாவமென்று எவரும் சொல்லவில்லை. துன்பப்பட்ட நம் மக்களுக்கு வெளிச்சமும் நல்ல வீடும் வேண்டும். வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தைக் காட்டும் தொலைபேசியும் நன்மையே. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தை அது மறைத்துவிடக் கூடாது. பகைவரின் கட்டளையால் பிரியாத குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பொழுதுபோக்கினால் பிரிந்துபோகலாமா?

கழுத்தில் செபமாலையுடன் அடிகளார் இன்றிரவு உங்கள் படலையைத் தட்டினால், நிமிர்ந்து பார்க்க வீட்டில் யாராவது இருப்பார்களா? இன்று மாலை அரை மணி நேரம் தொலைபேசிகளை ஒதுக்கிவையுங்கள். பிள்ளைகளை அருகில் அழையுங்கள். செபமாலை சொல்லுங்கள். ஒன்றாக இருந்து உண்ணுங்கள். நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம் இதுவே.