கனவிலும் கணக்குச் செய்தவர் சீனிவாச இராமானுஜன்

கனவு ஏன் வருகிறது என்று நமது பிளெய்ன்ஸ்பரோ வார இறுதி வகுப்பில் ஒரு சிறுமி வினவினாள். அன்று நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம் வேற்றுமை உருபு. ஆயினும் அவ்வினாவைத் தள்ளிவிட மனம் வரவில்லை. கனவோடு சேர்த்துப் பேசப்படும் தமிழ்நாட்டுக் கணித மேதை ஒருவர் உளர். அவருடைய வரலாற்றில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்று மட்டும் கூறி, மீதியை இம்மலருக்கென வைத்துக்கொண்டோம்.

சீனிவாச இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில், தாயின் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடையிற் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் குடும்பத்தார் நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி உடையவர்கள். பள்ளியில் இருந்தபோதே, கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று சிறுவரின் கைக்கு வந்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிறுவல்கள் மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவப் புகுந்தவர் மற்றைப் பாடங்களை மறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வு கைகூடவில்லை.

பின்னர்ப் பல ஆண்டுகள் வேலையில்லை. கடதாசி வாங்கப் பணமுமில்லை. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதிவார். இவ்வாறு அழித்தழித்து அந்த முழங்கை கறுத்துப் போயிற்றென்பர். மாணவச் செல்வங்கள் இந்த முழங்கையை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். கனவுக்கு வருமுன் இதைக் கடந்தே வரவேண்டியுள்ளது.

1912 இற் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியிற் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தது. ஆனால் கடல் கடந்து செல்வது அக்காலத்தில் அவர்கள் குலத்தார்க்கு விலக்கு, தாயார் இசையவில்லை. தன் மகன் ஐரோப்பியர் நடுவே வீற்றிருப்பதையும், மகனின் வழியைத் தடுக்கவேண்டாமென நாமகிரித் தாயார் பணித்ததையும் அன்னை கனவிற் கண்டதாகவும், அதன்பின் விடை கொடுத்ததாகவும் வரலாறு கூறுகிறது. 1914 மார்ச் 17 ஆம் நாள் கப்பலேறினார்.

இராமானுஜனும் தம் கனவுகளை நண்பரிடம் சொல்லியதுண்டு. உறக்கத்தில் இரத்தத் துளிகள் தோன்றுமாம். அதன்பின் கணிதம் நிறைந்த ஏட்டுச் சுருள்கள் கண்முன் விரியுமாம். விழித்தெழுந்ததும் நினைவில் நின்றவற்றை எழுதிச் சரிபார்ப்பார். அவர் இதை அன்னையின் அருள் என்றார். அவரது நம்பிக்கையை அளக்க நாம் யார்?

அறிவியலார் கனவை வேறு வழியில் அணுகினர். 1953 இற் சிகாகோ பல்கலைக்கழகத்தார், உறங்குவோரின் விழிகள் இமைக்குள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்றும், அப்போது எழுப்பப்பட்டோருட் பெரும்பாலோர் கனவு கண்டதாகக் கூறினரென்றும் வெளியிட்டனர். அவ்வேளை ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அப்போது மூளையிற் காட்சிக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகள் ஊக்கமாய் இயங்கும். சரி பிழை ஆராயும் முன்பகுதி ஓய்ந்திருக்கும். உறக்கத்திற் பகலின் நினைவுகள் பழைய நினைவுகளோடு பிணைக்கப்படுகின்றன. கனவுக்கு இதுவே முழுக் காரணமா என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

2004 இல் ஜெர்மனியில் ஒரு சோதனை நடந்தது. எண்புதிர் ஒன்றைச் செய்யப் பலரைப் பழக்கினர்; அதில் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. பழகியபின் உறங்கியெழுந்தவர்களில் அவ்வழியைக் கண்டோர், விழித்திருந்தோரைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் பழகாமல் உறங்கினோர்க்கு உறக்கம் எதையும் கொடுக்கவில்லை. சிலேட்டு இல்லாதவருக்குச் சுருளும் இல்லை போலும்!

ஹார்டி கடவுள் நம்பிக்கை அற்றவர். ஒவ்வொன்றுக்கும் நிறுவல் கேட்டார். முதற் கடிதத்திற் பகா எண்கள் பற்றி இராமானுஜன் எழுதியது பிழையென்றும் தெரியவந்தது. அதற்காக மற்றவற்றை அவர் எறிந்துவிடவில்லை. உடனிருந்து கற்பித்தார், தாமும் கற்றார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரிற் கணித ஆசிரியராயிருந்த நாளில், வழி எழுதாமல் விடை மட்டும் எழுதிய மாணவன் ஒருவனுக்குச் சுழியம் இட்டோம். விடை சரியானது. எவ்வாறு வந்தது என்று வினவியபோது, படுத்தபின் தெரிந்தது என்றான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். வழியைத் தேடி எழுதிவர ஒரு நாள் தவணை கொடுத்திருக்கலாம். பிறகு ஊர் கலைந்தது. அவன் எத்திசை போனானோ அறியோம். சில இரவுகளில் அவ்வகுப்பறை நமக்குக் கனவில் வரும். கரும்பலகை இருக்கும், கூரை இராது.

1918 இல் இராமானுஜன் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். உடல் நலிந்து 1919 இல் நாடு திரும்பினார். நோய்ப் படுக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்தவர், 1920 ஏப்ரல் 26 இற் சென்னையிற் காலமானார்; வயது 32. அவ்விறுதித் தாள்கள் 1976 இலேதான் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன.

அவர் விட்டுச்சென்றவற்றுள் ஒன்று சிறுவர்க்கும் எட்டும். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வழிகளிற் பிரிக்கலாம். 9 ஐ 30 வழிகளில், 14 ஐ 135 வழிகளில். ஐந்தைந்தாகக் கூட்டிச் செல்லுங்கள். வழிகளின் தொகை என்றும் ஐந்தால் வகுபடும். இராமானுஜன் இதை நிறுவினார். அதன் உட்காரணத்தை 1944 இல் தேடிய இளைஞர் பிறீமன் டைசன், பின்னாளில் நமக்கு அடுத்துள்ள பிரின்ஸ்டனில் நெடுங்காலம் வாழ்ந்தார். மாணவர்கள் 9 ஐப் பிரித்துப் பார்க்கலாம். முப்பது வழிகளையும் எழுத ஒரு மாலைப்பொழுது வேண்டும். படுக்கப் போகுமுன் தொடங்குவது நன்று.