தமிழில் வைத்தியம் சொல்லிக் கொடுத்த டாக்டர்

குழந்தைகளே! செஞ்சிக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? வல்லம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது மிகவும் பழகிய கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று மலைகளை இணைத்துச் சுற்றிலும் மதில்சுவர். உள்ளே நெற்களஞ்சியம், குளங்கள், கல்யாண மகால், குதிரை லாயம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. குளம் வற்றினாலோ, களஞ்சியம் காலியானாலோ கோட்டை தாங்காது.

நம் உடம்பும் ஒரு கோட்டைதான்! மூளைக்கு மண்டையோடு மதில். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் விலா எலும்புகள் காவல். கண்ணுக்குத் தெரியாத செல்கள் கூடித் திசு ஆகின்றன. திசுக்கள் கூடி உறுப்பு ஆகின்றன. உறுப்புகள் கூடி மண்டலம் ஆகின்றன. இதயமும் ரத்தக் குழாய்களும் சேர்ந்தால் ரத்த ஓட்ட மண்டலம். வாய், இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் சேர்ந்தால் செரிமான மண்டலம். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள்.

இதையெல்லாம் இன்று தமிழிலேயே படிக்கிறீர்கள். ஆனால், சுமார் 175 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. நம் வைத்தியர்களுக்கு நாடியும் மூலிகையும் நன்றாகத் தெரியும். மேல்நாட்டு மருத்துவமோ ஆங்கிலத்தில் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் அல்ல, அமெரிக்கர். ஆச்சரியமாக இருக்கிறதா?

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். அவருடைய சகோதரர் ஆண்ட்ரூ, பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகப் புகழ் பெற்றார். சாமுவேல் நியூயார்க்கில் மருத்துவம் படித்து, 1845-ல் டாக்டர் ஆனார்.

சொந்த ஊரிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அமெரிக்க மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் மருத்துவராக, 1847-ல் கப்பல் ஏறி இலங்கையின் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாய் என்ற ஊரில் மருத்துவமனையைத் தொடங்கினார். காலரா வந்தால் ஊரே நடுங்கிய காலம் அது. நோயாளிகளோ ஏராளம். டாக்டரோ ஒருவர்தான்!

தான் ஒருவன் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்று யோசித்தார் கிரீன். உள்ளூர் இளைஞர்களையே டாக்டர்கள் ஆக்குவது என்று முடிவு செய்தார். கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870-ல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் வகுப்பு நடந்தது!

முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். ஆனால் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசு வேலையையும் நகரத்தையும் தேடிப் போனார்கள். கிராமத்து நோயாளிகள் பழையபடி தவித்தார்கள். தமிழிலேயே வைத்தியம் படித்தால், படித்தவர்கள் தங்கள் ஊரிலேயே இருப்பார்கள் என்று கிரீன் நம்பினார்.

இது சுலபமான காரியமா? ஆங்கிலம் படித்தால்தான் நல்ல வேலை என்று மாணவர்கள் தயங்கினார்கள். தமிழில் பாடப்புத்தகமும் இல்லை. கிரீன் அசரவில்லை. முதலில் தானே நன்றாகத் தமிழ் கற்றார். கால்வின் கட்டர் என்பவர் எழுதிய உடற்கூறு நூலை 1850-களிலேயே தமிழாக்கினார். இடையில் 1857-ல் தாய்நாடு போனவர், 1862-ல் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864 முதல் தமிழிலேயே வகுப்பு எடுத்தார்.

உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்புக்கும், நரம்புக்கும், தசைக்கும் பெயர் வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடுவார். இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்.

அப்படி வழங்கிய பெயர்களைப் பாருங்கள். உடற்கூறியலுக்கு அங்காதிபாதம். உடலின் உறுப்புகள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பாடத்துக்குச் சுகரணம். அறுவை சிகிச்சைக்கு இரண வைத்தியம். வேதியியலுக்குக் கெமிஸ்தம்! படித்தால் சிரிப்பு வருகிறதா? ஒரு சொல்லும் இல்லாத இடத்தில் முதல் சொல்லை வைப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள்.

லண்டனில் 1858-ல் ஹென்றி கிரே என்ற டாக்டரின் உடற்கூறு நூல் வெளியானது. அதற்குப் படம் வரைந்த கார்ட்டர், பின்னர் பம்பாய் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் படித்த அந்த நூல், 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. இந்த வேலையில் கிரீனின் தமிழ் மாணவர்களும் அவருக்குத் துணை நின்றார்கள்.

1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். அத்தோடு ஓய்வெடுத்தாரா? இல்லை! வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களுக்காகத் தொடர்ந்து உழைத்தார். தமிழ் பேசும் யாரும் அக்கம்பக்கத்தில் இல்லாத ஊரில், மேசை மேல் தமிழ்ப் பக்கங்கள்!

1884-ம் ஆண்டு மே 28-ந் தேதி அவர் காலமானார். அவர் உருவாக்கிய டாக்டர்கள் அறுபதுக்கும் மேல். அவர்களில் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் படித்தவர்கள். தான் தமிழர்களுக்காக வந்த மருத்துவன் என்பதைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே பொறிக்கப்பட்டது. மானிப்பாய் மருத்துவமனைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது.

குழந்தைகளே! அடுத்த முறை அறிவியல் புத்தகத்தில் எலும்புக்கூடு படத்தைப் பார்த்தால் பயப்படாதீர்கள். ஒவ்வொரு எலும்பின் தமிழ்ப் பெயரையும் சத்தமாகப் படியுங்கள். கடல் கடந்து வந்து, நம் மொழியைக் கற்று, நமக்காகச் சொல் தேடிய டாக்டர் கிரீனையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்!