மன்னிப்பின் ஊழியர் ஆர்ஸ் பங்குக் குருவானவர்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போக ஏன் தயங்குகிறீர்கள்? குருவானவர் ஏசுவார் என்ற பயமா? பழைய பாவத்தைச் சொல்ல வெட்கமா? இத்தனை வருடங்கள் போகாமல் இருந்துவிட்டு இனி எந்த முகத்தோடு போவது என்ற எண்ணமா? அப்படியானால் புனித ஜோன் மரிய வியான்னியின் வாழ்க்கையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

1786 மே 8ஆம் நாள், பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகருக்கு அண்மையிலுள்ள டார்டிலி என்னும் ஊரில், கமக்காரக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். புரட்சியின் கொடுமையால் ஆலயங்கள் மூடப்பட்டு, குருக்கள் மறைந்து வாழ்ந்த காலம் அது. மறைவாக வந்த ஒரு குருவானவரிடம், தம் வீட்டு மணிக்கூட்டின் அடியிலேயே பதினொரு வயதில் முதற் பாவசங்கீர்த்தனம் செய்தார். 1799இல் முதல் நன்மை வாங்கியதும் யன்னல்கள் அடைக்கப்பட்ட ஒரு வீட்டில்தான்.

1809இல் நெப்போலியனின் படைக்கு அழைக்கப்பட்டார். நோயினால் தம் அணியைத் தவறவிட்டு, மலைக்கிராமமொன்றில் ஒளித்து வாழ்ந்தார். மறுவருடம் பேரரசர் வழங்கிய பொதுமன்னிப்பே அவரை வீடு திரும்பச் செய்தது. மன்னிக்கப்படுவது எத்தகையது என்பதை அவர் அனுபவித்தே அறிந்திருந்தார்.

இலத்தீன் மொழி அவருக்கு ஏறவில்லை. குருமடத்திலிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் 1815 ஓகஸ்ட் 13இல் குருவானார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் உடனே கொடுக்கப்படவில்லை. அது கிடைத்தபோது, அவரிடம் முதலில் வந்து முழந்தாளிட்டவர் அவருடைய ஆசிரியரான பாலே அடிகளாரே.

1818இல், ஏறக்குறைய 230 பேர் வாழ்ந்த ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆரம்பத்தில் அவர் கண்டிப்பான குருவாகவே இருந்தார். நடனக் களியாட்டங்களை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பு அளிப்பதை நீண்ட காலம் தள்ளிவைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, புனித அல்போன்ஸ் லிகோரியாரின் போதனையாலும், தம்மிடம் வந்தவர்களின் கண்ணீராலும் அவருடைய உள்ளம் கனிந்தது. பாவத்தின் மீதிருந்த வெறுப்பு குறையவில்லை; பாவியின் மீது இரக்கம் பெருகியது. சிறிய அபராதத்தையே கொடுத்து, மிகுதியைத் தாமே உபவாசத்தாலும் செபத்தாலும் செய்து முடித்தார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மாரிகாலத்தில் பதினொரு, பன்னிரண்டு மணிநேரம். கோடையில் சில நாட்களில் பதினாறு மணிநேரம். கடைசி வருடங்களில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்தனர். பலர் நாட்கணக்காகக் காத்துநின்றனர். தனிமையில் தம் பாவங்களுக்காக அழவேண்டுமென்று விரும்பி அவர் சிலமுறை ஊரைவிட்டு வெளியேறப் பார்த்தார். ஆனால் காத்திருந்த ஆன்மாக்கள் அவரைத் திரும்ப அழைத்தன.

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவரின் மனைவி ஆர்ஸ் வந்த நிகழ்ச்சியை அவருடைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கணவர் பாலத்திலிருந்து விழுந்து தண்ணீரைத் தொடுமுன், மனஸ்தாபப்பட அவருக்கு நேரம் இருந்ததென்று கூறி, அந்தத் துயரப்பட்ட பெண்ணை அவர் தேற்றினார். இத்தகைய இழப்பினால் வாய்விட்டு அழவும் முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களைச் சாடையாகப் பழித்துப் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கணத்தில் கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் இடையே நடந்ததை யார் அளக்க முடியும்?

1859 யூலை மாத இறுதிவரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். படுக்கையில் வீழ்ந்த பின்னரும் சிலர் அவரருகே முழந்தாளிட்டனர். ஓகஸ்ட் 4ஆம் நாள், தமது 73ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1925இல் புனிதராக உயர்த்தப்பட்டு, 1929இல் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

அன்பான வாசகர்களே, ஆர்ஸ் ஊருக்குப் போக நாட்கணக்காகப் பிரயாணம் செய்தார்கள் அவர்கள். உங்கள் பங்கு ஆலயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர் குருவானவர் மட்டுமல்ல. வருகிற சனிக்கிழமை போங்கள். திரும்பி வரும் வழியில், நீங்கள் கதைக்காமல் விட்ட சகோதரனின் படலையையும் தட்டுங்கள்.